வத்தலக்குண்டு நால்வரும் எழுதப்படாத மற்றவர்களும்

கேள்வி: நாங்கள் சிலர் சேர்ந்து கொடைரோட்டில் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். எங்கள் வட்டாரத்தில் வாழ்ந்த எழுத்தாளர்கள், இசைவாணர்கள், சபைப் போதகர்கள், புலவர்கள் ஆகியோரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்துச் சிறு நூலாகக் கொண்டுவர ஆசை. பேச்சை எடுத்தாலே எல்லாரும் வத்தலக்குண்டுக்காரர்கள் நாலு பேரைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அந்த நால்வரைப் பற்றிப் புதிதாக எழுத என்ன இருக்கிறது? வேறு ஊரில் பிறந்து இங்கே படித்தவர்களைச் சேர்க்கலாமா? பெரிய பெயர் எடுக்காதவர்களுக்கு இடம் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், கொடைரோடு

பதில்: நல்ல காரியம், உடனே தொடங்குங்கள். நால்வரையும் தனித்தனியாக எழுதினால் பாடப்புத்தகக் குறிப்பாகத்தான் நிற்கும். நால்வரையும் சேர்த்துப் பாருங்கள், இதுவரை அதிகம் பேசப்படாத ஒரு செய்தி தெரியும். நால்வருமே பத்திரிகை நடத்தியவர்கள். 1896 முதல் 1970 வரை அந்தச் சிற்றூர் மக்கள் தமிழ்நாட்டுக்கு இதழாசிரியர்களைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். உங்கள் நூலுக்கு அதுவே முதுகெலும்பாக இருக்கட்டும்.

முதலாமவர் பி.ஆர். ராஜமய்யர். 1872-இல் பிறந்தவர். 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்றுதான். மதுரைப் பக்கத்துக் கிராமத்துப் பேச்சும் வம்பும் பாசமும் தமிழ் நாவலுக்குள் முதன்முதலில் முழு உயிரோடு நுழைந்தது அவர் கையால்தான். விவேகானந்தரின் ஊக்கத்தால் சென்னையில் 1896-இல் தொடங்கிய 'பிரபுத்த பாரதா' ஆங்கில மாத இதழுக்கு அவரே முதல் ஆசிரியர். 1898-இல், இருபத்தாறு வயதில் காலமானார். ஆசிரியர் போனதும் சென்னையில் இதழ் நின்றது. பிறகு இமயமலை அடிவாரத்து அல்மோராவிலிருந்து மீண்டும் வெளிவந்தது.

இரண்டாமவர் சுப்பிரமணிய சிவா. 1884 அக்டோபர் 4-இல் பிறந்தவர். வ.உ.சி.யோடு 1908-இல் கைதாகிச் சிறை சென்றதை எல்லாரும் அறிவோம். 1912-இல் வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய் பற்றியிருந்தது. அந்த உடம்போடுதான் 1913-இல் 'ஞானபானு' இதழைத் தொடங்கினார். புதுச்சேரியில் அடைபட்டுக் கிடந்த பாரதியின் எழுத்துக்கு அது இடம் கொடுத்தது. 'சின்னச் சங்கரன் கதை' அதில்தான் வந்தது. தொழுநோயாளி என்று சொல்லி அரசு அவரை ரயிலில் ஏறவிடாமல் தடுத்தது. கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். ரயில் நிலையத்தால் பெயர் பெற்ற ஊரில் இருந்து எழுதுகிற நீங்கள் இதை விட்டுவிடக் கூடாது. 1925 ஜூலை 23-இல் தருமபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியில் அவர் உயிர் பிரிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிவாவின் தந்தையார் பெயரும் ராஜமய்யர்தான். நாவலாசிரியர் சிவாவைவிடப் பன்னிரண்டு வயதே மூத்தவர். பெயர் ஒன்றாக இருப்பதால் இருவரையும் ஒருவராக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு குறிப்பிலும் பிறந்த ஆண்டை முதல் வரியிலேயே எழுதினால் இத்தகைய குழப்பம் வராது.

மூன்றாமவர் பி.எஸ். ராமையா, 1905-இல் பிறந்தவர். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். 1933-இல் தொடங்கிய 'மணிக்கொடி' அரசியல் ஏடாக இருந்து நின்றபின், 1935-இல் அதைச் சிறுகதைக்கென்றே எடுத்து நடத்தினார். புதுமைப்பித்தன் கதைகள் அதில் வந்தன. மௌனியை எழுதவைத்து அச்சேற்றியதும் அந்த இதழ்தான். பின்னாளில் 'மணிக்கொடி காலம்' என்ற நூலில் அந்த நாட்களைப் பதிவு செய்தார். அதற்கு 1982-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 'போலீஸ்காரன் மகள்' என்று படமாக வந்தது இவருடைய நாடகமே.

நான்காமவர் சி.சு. செல்லப்பா. 1912-இல் பிறந்தவர். முன்னெழுத்தில் இருப்பது சின்னமனூர், வளர்ந்தது வத்தலக்குண்டு. ராமையா நடத்திய 'மணிக்கொடி'யில் எழுதிப் பெயர் பெற்றவர், 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். புதுக்கவிதை தமிழில் காலூன்றியது அந்த இதழில். ந. பிச்சமூர்த்தி முதல் திருகோணமலைத் தருமு சிவராமு வரை அங்கே எழுதினார்கள். அச்சடித்த புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற மனிதர் அவர். 1998-இல் மறைந்தார். 'சுதந்திர தாகம்' நாவலுக்கு 2001-இல் சாகித்திய அகாதமி விருது வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. தமக்கு முன்னால் போன ஊர்க்காரரை அவர் மறக்கவுமில்லை. 'ராமையாவின் சிறுகதைப் பாணி' என்று தனி நூலே எழுதினார்.

நால்வரில் எவருக்கும் பத்திரிகையால் செல்வம் சேரவில்லை. கைப்பொருளையும் உடம்பையும் அதில் போட்டார்கள். அடுத்தவர் எழுத்துக்கு இடம் அமைத்துக் கொடுப்பதைத் தம் எழுத்துக்கு நிகரான வேலையாக மதித்தார்கள். இந்தக் குணத்தைத் துலக்கிக் காட்டினாலே உங்கள் நூல் மற்றவற்றிலிருந்து தனித்து நிற்கும்.

அடுத்து, வெளியூரில் பிறந்தவர்கள். தாராளமாகச் சேருங்கள். ஆபிரகாம் பண்டிதரைப் பாருங்கள். 1859-இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். ஆசிரியப் பயிற்சி பெற்றது திண்டுக்கல்லில், அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். வயலின் கற்றதும் அந்த ஊரில்தான். பிறகு தஞ்சாவூரில் குடியேறிச் சித்த மருத்துவத்தில் ஈட்டியதை இசைக்குச் செலவழித்தார். 1912 முதல் தம் செலவில் இசை மாநாடுகள் கூட்டினார். 1917-இல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' தமிழிசை ஆய்வுக்கு இன்றும் அடிப்படை நூல். கிறித்தவர், மருத்துவர், இசைவாணர், ஆராய்ச்சியாளர் என்று நீங்கள் கேட்ட வகைகளில் பலவும் அந்த ஒருவரிடம் இருந்தன. திண்டுக்கல் அவருக்குக் கொடுத்தது என்ன என்பதை உங்கள் நூல்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகவும் முக்கியம். பெரிய பெயர் இல்லாதவர்களுக்குக் கட்டாயம் இடம் கொடுங்கள். பிரிட்டனின் மேற்கே வேல்ஸ் என்றொரு சிறிய நாடு. 1950-களில் அங்கே மக்கள்தொகை சுமார் 26 லட்சம். தம் மொழியில் எழுதியவர்கள், பாடியவர்கள், யாழ் மீட்டியவர்கள், சிற்றூர் ஆலயங்களில் பிரசங்கம் செய்த போதகர்கள் ஆகியோரின் வாழ்க்கைகளைத் திரட்டி 1953-இல் வேல்ஸ் மொழியிலேயே ஒரு வாழ்க்கை வரலாற்று அகராதி வெளியிட்டார்கள். ஆங்கிலப் பதிப்பு அதன் பிறகு 1959-இல்தான் வந்தது. தன் மொழியை முதலில் வைத்த அந்த வரிசையும், சிற்றூர்ப் போதகருக்கும் இடம் தந்த அந்த மனமும் நமக்கு நல்ல முன்மாதிரி.

உங்கள் பக்கத்து நாதஸ்வர வித்துவான், தெருக்கூத்து வாத்தியார், திண்ணைப் பள்ளித் தமிழாசிரியர், சபையில் கீர்த்தனை சொல்லிக்கொடுத்த உபதேசியார் ஆகியோரைப் பற்றி எந்த அகராதியிலும் குறிப்பு இருக்காது. அவர்களிடம் படித்த மாணவர்களுக்கே இன்று வயது எண்பதைத் தாண்டியிருக்கும். அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். தேதிகளுக்கு நினைவை மட்டும் நம்பாதீர்கள். தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கல்லறைக் கல்வெட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை என எல்லாமே சான்றுதான். பழைய இதழ்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் உதவும். அம்பாத்துரை பக்கம் காந்திகிராமப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கும் கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம் போதும். பிறப்பு, படிப்பு, குரு, செய்த வேலை, மறைவு, சான்று என்ற வரிசையை மாற்றாமல் எழுதுங்கள். புகழுரை வேண்டாம், செய்தி போதும். நால்வரைப் பற்றிய பகுதியைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். அவர்களுடைய நூல்கள் காத்திருக்கும். முதியவர்களின் நினைவு காத்திருக்காது. ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் ஊர் மூத்த ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போங்கள்.