ஒரு கணிப்பொறியில் இரண்டு இயக்குதளங்கள்

கணிப்பொறி தானே இயங்கவல்லது அன்று. அதன் உறுப்புகளை ஒழுங்குபடுத்தி வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயக்குதளம் என்று பெயர். ஒரு பொறிக்கு ஓர் இயக்குதளமே போதும் எனினும், இரண்டனைப் பெற்ற பொறிகளும் உண்டு.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பெற்ற கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் அமைந்திருந்தன. தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளி போன்ற ஊர்களில் அரசு மேல்நிலைப் பள்ளியில் பயின்றோர்க்கும் அத்திட்டம் உரியதாயிற்று. விண்டோஸ், மைக்ரோசாப்ட் நிறுவனம் உரிமம் வழங்கி விற்கும் பொருள். லினக்ஸோ, 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். அதனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியதே பாஸ். அது தமிழிலும் பணிபுரியும்.

இரண்டும் ஒரு பொறியில் தங்குவது எவ்வாறு? ஒரே நிலத்தில் அண்ணனும் தம்பியும் வரப்பிட்டுப் பயிர் செய்வதை நாம் காண்கிறோம். அவ்வாறே வன்வட்டு தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. கிணறு ஒன்றாயின் நீரை முறைவைத்தே பாய்ச்சுவர். அதுபோல ஒரு வேளையில் ஓர் இயக்குதளமே இயங்கும். பொறியை முடுக்கியவுடன் ‘எது வேண்டும்?’ என வினவி, விரும்பிய பக்கம் மடையைத் திறந்துவிடும் சிறு நிரல் ‘க்ரப்’ எனப்படும்.

இதனை அமைப்போர் வரிசை தவறலாகாது. முதலாவது, கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுத்தல் வேண்டும். அடுத்து, விண்டோஸின் பகுதியைச் சுருக்கி வெற்றிடம் உண்டாக்கி, அவ்விடத்தில் லினக்ஸை நிறுவுதல் வேண்டும். முறைமாற்றி விண்டோஸைப் பின்னர் நிறுவினால், அது தானே முதலில் தொடங்குமாறு அமைத்துக்கொள்ளும். லினக்ஸ் அழியாவிடினும் அதற்குச் செல்லும் வழி மறைந்துபோகும். நிறுவும்போது ‘வட்டு முழுவதையும் அழிக்க’ என்னும் தெரிவைக் கருதாது அழுத்தியோர், பல்லாண்டு சேர்த்த பாடக்குறிப்புகளையும் படங்களையும் ஒரு நொடியில் இழப்பர். விண்டோஸை முழுமையாக அணைக்காமல் உறக்க நிலையில் விட்டு, லினக்ஸிலிருந்து அதன் பகுதியில் எழுதுவதும் கோப்புகளைக் கெடுக்கும்.

இவ்வளவு தொல்லை எதற்கு எனச் சிலர் வினவலாம். ஒன்றனை மட்டும் அறிந்தவன் அதனையே கணிப்பொறி எனக் கருதுவான். இரண்டனையும் கையாள்பவனோ எது பொறியின் இயல்பு, எது மென்பொருளின் இயல்பு எனப் பகுத்துணர்வான். ஒன்று பழுதுற்றபோது மற்றொன்றால் தன் கோப்புகளை மீட்கவும் வழி காண்பான். கருவியைப் பெறுதல் எளிது. அதன் உள்ளியல்பை அறிந்து ஆளுதலே கல்வியின் பயனாகும்.