எக்ஸ்ரே அறிக்கையில் 'கிரானுலோமா': சொல்லும் குறியீடும்

அறுவை சிகிச்சைக்கு முன்போ, வேலைக்கான உடல் தகுதிப் பரிசோதனையிலோ மார்பு எக்ஸ்ரே எடுக்கும்போது, "வலது மேல் பகுதியில் கால்சியம் படிந்த கிரானுலோமா" என்று ஒரு வரி சிலருடைய அறிக்கையில் வருவதுண்டு. புற்றுநோயோ என்று பயந்து தூக்கம் இழப்பவர்கள் உண்டு. படிக்காமலே உறைக்குள் போட்டு வைப்பவர்களும் உண்டு. இரண்டுமே சரியல்ல. அந்த வரி மருத்துவமனைப் பதிவேட்டில் எப்படி ஏறுகிறதோ, அதையொட்டியே பிற்காலச் சிகிச்சையும் இன்ஷூரன்ஸும் அமைகின்றன. ஆகவே நம் சங்கக் குடும்பங்கள் இதைச் சற்று விளக்கமாகத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கிரானுலோமா என்பது என்ன?

உள்ளே புகுந்த ஒன்றை உடலால் அழிக்க முடியாதபோது, பாதுகாப்பு அணுக்கள் அதைச் சுற்றி நெருக்கமாகக் கூடி ஒரு சிறு முடிச்சாக அடைத்து விடுகின்றன. இந்த முடிச்சே கிரானுலோமா. நாளடைவில் அது தழும்பாகி, கால்சியம் படிந்து கெட்டியாகலாம். எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைப் புள்ளி அதுதான்.

நம் நாட்டில் இதற்கு முக்கியக் காரணம் காசநோய்க் கிருமி. அக்கிருமி முதன்முறையாக நுரையீரலில் தங்கும் இடத்தை ஆன்டன் கோன் என்ற ஆஸ்திரிய மருத்துவர் 1912-ஆம் ஆண்டு விவரித்தார். அந்த இடமும் அதையொட்டிய நெறிக்கட்டியும் சேர்ந்ததே நம் வீடுகளில் 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று சொல்லப்படுவது. ஆனால் காரணம் காசநோய் மட்டும் அல்ல. சார்காய்டோசிஸ் என்ற நோய், சிலவகைப் பூஞ்சைகள், தொழிற்சாலைகளில் சுவாசிக்கும் பெரிலியம் துகள் ஆகியவையும் கிரானுலோமாவை உண்டாக்கும்.

காரணம் தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. காசநோய்க்குக் குறைந்தது 6 மாதக் கூட்டு மருந்து தேவை. சார்காய்டோசிஸுக்கு மருந்து தேவைப்பட்டால் பெரும்பாலும் ஸ்டீராய்டு. காசநோய் உள்ளவருக்கு அதை அறியாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் கிருமி பெருகிவிடும். ஆறிப்போன பழைய தழும்புக்கோ மருந்தே வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. கிரானுலோமாவை உறுதியாகக் காட்டுவது நுண்நோக்கியில் பார்க்கும் திசுப் பரிசோதனைதான். எக்ஸ்ரே அறிக்கையில் வருவது நிழலின் வடிவத்தையும் கால்சியத்தையும் வைத்துச் செய்த ஊகம். கால்சியம் படியாத, வளர்ந்து வரும் முடிச்சைக் கிரானுலோமா என்று எழுதி மூடிவிட்டால் புற்றுநோய் தவறிப்போக இடமுண்டு.

குறியீடு எப்படி வருகிறது?

டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் எழுதும் நோயின் பெயரை, பதிவேட்டுப் பிரிவினர் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலைப் பார்த்து எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடாக மாற்றுகிறார்கள். இப்பட்டியலின் 10-ஆம் பதிப்பு 1990-இல் ஏற்கப்பட்டது. 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தாலும், 10-ஆம் பதிப்பின் எண்களே இன்னும் பல இடங்களில் புழங்குகின்றன.

ஒரே வெள்ளைப் புள்ளி அந்தப் பதிப்பில் எத்தனை இடங்களுக்குப் போகக்கூடும் என்று பாருங்கள்:

ஏ 15 – கிருமிப் பரிசோதனையிலோ திசுப் பரிசோதனையிலோ உறுதியான சுவாச உறுப்புக் காசநோய்.
ஏ 16 – அவ்வாறு உறுதி செய்யப்படாத காசநோய்.
பி 90.9 – முன்பு வந்து போன காசநோயின் மிச்சம்.
டி 86.0 – நுரையீரல் சார்காய்டோசிஸ்.
ஜே 98.4 – நுரையீரலில் கால்சியம் படிதல் முதலான பிற கோளாறுகள்.
ஆர் 91 – நுரையீரல் படத்தில் காணப்பட்ட மாறுபாடு. நோய் இன்னதென்று முடிவாகவில்லை.

முதல் எண் இன்று நோயாளி என்கிறது. மூன்றாவது என்றோ நோயாளியாக இருந்தவர் என்கிறது. கடைசி எண் எதையும் முடிவு செய்யவில்லை.

கேள்விக்குறி எங்கே போகிறது?

நம் மருத்துவமனைகளில் காசநோயை, 1882-இல் அக்கிருமியைக் கண்டறிந்து அறிவித்த ராபர்ட் காக்கின் பெயரால் 'காக்ஸ்' என்று எழுதும் வழக்கம் உண்டு. சந்தேகம் இருந்தால் முன்னால் ஒரு கேள்விக்குறி போடுவார்கள். டாக்டருக்கு அதன் பொருள் தெரியும். ஆனால் 10-ஆம் பதிப்பின் விதி என்ன தெரியுமா? சிகிச்சை முடிந்த பின்னும் முக்கிய நோய் 'சந்தேகம்' என்றே இருந்து, வேறு விவரமும் இல்லாவிட்டால், அது உறுதியானதாகவே குறிக்கப்பட வேண்டும். அதாவது, கேள்விக்குறிக்குக் குறியீடு கிடையாது. பரிசோதித்து நோய் இல்லை என்று தெரிந்தால் அதற்கு இஸட் 03.0 என்ற தனி எண் உண்டு. ஆனால் 'இல்லை' என்று யாராவது எழுதியிருந்தால்தான் அந்த எண் கிடைக்கும்.

ரயில்வேயில் பழுதான வேகனுக்கு 'சிக்' சீட்டு ஒட்டுவார்கள். என்ன பழுது என்று சீட்டில் இல்லாவிட்டால் பழுது பார்ப்பவர் என்ன செய்வார்? அறிக்கையும் அப்படித்தான்.

எழுதி வாங்க வேண்டியவை

குறியீட்டைப் பற்றி டாக்டரிடம் வாதிட வேண்டாம். தெளிவான வாக்கியத்தைக் கேளுங்கள். அதில் ஐந்து விவரங்கள் இருந்தால் போதும்.

1. முடிச்சு எந்த நுரையீரலில், எந்தப் பகுதியில், எத்தனை மில்லிமீட்டர்.
2. கால்சியம் படிந்ததா, இல்லையா.
3. காரணம் என்ன, தெரியாவிட்டால் 'காரணம் முடிவாகவில்லை' என்ற சொற்கள்.
4. எதைக் கொண்டு முடிவு செய்தார்கள்: எக்ஸ்ரே, ஸ்கேன், சளிப் பரிசோதனை, திசுப் பரிசோதனை.
5. நோய் இப்போது செயல்படுகிறதா, ஆறிய தழும்பா. மறுபடி எப்போது பார்க்க வேண்டும்.

ஊர்விட்டு ஊர் மாறும் நமக்கு இன்னும் இரண்டு சங்கடங்கள். பழைய எக்ஸ்ரே சொந்த ஊர்ப் பரண்மேல் கிடக்கும். கெட்டியான முடிச்சு 2 ஆண்டுகள் மாறாமல் இருந்தால் அது பொதுவாகத் தீங்கற்றது என்றே கொள்கிறார்கள். அதைக் காட்ட அந்தப் பழைய படமே சாட்சி. இருந்தால் ஸ்கேனும் ஊசியும்கூடத் தவிரலாம். அடுத்தது மொழி. டாக்டர் இந்தியில் கேட்க, தமிழ் மட்டும் தெரிந்த அம்மா தலையசைத்தால் எது பதிவாகும் என்று சொல்ல முடியாது. சிறுவயதில் பிரைமரி காம்ப்ளெக்ஸுக்கு மருந்து சாப்பிட்டாரா, எந்த ஆண்டு, எத்தனை மாதம் என்று ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி, கையோடு கொடுத்தனுப்புங்கள்.

இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தில் எதையும் மறைக்க வேண்டாம். 2024-இல் வந்த விதிமுறைப்படி, முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். தொடர்ந்து 60 மாதம் பாலிசி நடந்தபின், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்ததாகச் சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது. 'ஆறிய தழும்பு, சிகிச்சை தேவையில்லை' என்று டாக்டர் எழுதிய வரி கையில் இருந்தால் உண்மையைச் சொல்வதில் பயம் எதற்கு?

காசநோய் உறுதியானால் அது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. 2012 முதல் தனியார் டாக்டர்களும் அதை அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். அரசு மையங்களில் மருந்து இலவசம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, சளியில் ரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், பழைய தழும்புதான் என்று இருந்துவிடாமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரண்மேல் உள்ள எக்ஸ்ரே உறைகளைத் தேடி எடுத்து, பெயரும் தேதியும் சரிபார்த்து, மடிக்காமல் கொண்டு வாருங்கள்.