தட்டில் துடிக்கும் இதயத் திசு: நமக்கு என்ன பயன்?

"நெஞ்சு திடீர்னு படபடன்னு அடிச்சுது, ஆஸ்பத்திரிக்குப் போய் இசிஜி எடுத்தா நார்மல்னு சொல்லிட்டாங்க." வலையபட்டியிலோ காரைக்குடியிலோ இப்படிச் சொல்பவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். துடிப்பு தவறுவது சில நிமிடங்கள். இசிஜி பதிவாவது சில விநாடிகள். இரண்டும் ஒத்து வராவிட்டால் கோளாறு சிக்காது.

காரணத்தை ஆராயலாம் என்றால், உயிரோடு இருப்பவரின் இதயத்தை வெட்டியெடுத்துப் பார்க்க முடியாதே! இதற்கு வழி திறந்தவர் ஜப்பானின் ஷின்யா யமனாகா. சாதாரண செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றலாம் என்று 2006 இல் எலியிலும் 2007 இல் மனித செல்லிலும் காட்டினார். 2012 இல் நோபல் பரிசு பெற்றார்.

எப்படி வளர்க்கிறார்கள்?

1. ஒருவரின் ரத்தம் அல்லது தோலில் சிறிது எடுத்து, அதன் செல்களை ஸ்டெம் செல்லாக்குகிறார்கள்.
2. ஊட்டத் திரவத்தில் வைத்து இதயத் தசை செல்லாக மாற்றுகிறார்கள். சுமார் 2 வாரத்தில் அவை தானாகவே துடிக்கத் தொடங்கும்.
3. அதே ஆளின் மரபணு என்பதால், துடிப்புக் கோளாறு தட்டிலேயே தெரியலாம். மருந்தையும் முதலில் அங்கே சோதிக்கலாம்.

நம்ம ஆட்களுக்கு என்ன சம்பந்தம்?

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் படித்த பெருந்துறை தண்டபாணி உள்ளிட்ட குழு, 2009 இல் ஒரு செய்தியை வெளியிட்டது. இந்தியத் துணைக்கண்டத்தவரில் 100 க்குச் சுமார் 4 பேருக்கு, இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன; இதயத் தசை நோய்க்கான அபாயம் இதனால் கூடுகிறது. எல்லோருக்கும் நோய் வரும் என்று அர்த்தமில்லை. சிலருக்கு இதோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கிறது. அந்த மாற்றம் கொண்ட இதய செல்களை வளர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் (2018), கால்சியம் ஏறி இறங்குவது ஒழுங்கற்று இருந்தது. துடிப்பு தவற இதுவும் ஒரு காரணம்.

ஏமாறாதீர்கள்

இது ஆராய்ச்சி, சிகிச்சை அல்ல. "ஸ்டெம் செல் ஊசி போட்டால் இதயம் சரியாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பணம் கட்டாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, இதய நோய்க்கு இதை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம். ஆய்வு என்று சொன்னால், சிடிஆர்ஐ பதிவு எண் கேட்டு, அந்த இணையதளத்தில் இலவசமாகச் சரிபாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

• படபடப்பு வரும்போதே நாடியை 1 நிமிடம் எண்ணி, தேதி, நேரத்தோடு செல்போனில் குறியுங்கள்.
• 24 மணி நேர ஹோல்டர் பதிவு தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.
• குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.
• மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்தால் உடனே 108. ஆலோசனைக்கு 104.