கபில நிறத் தத்தியின் இருவகைச் செட்டை

கமக்காரர்களே,

உச்சிவெயிலிற் குளத்து நீரிற் கிடக்கும் எருமையைச் சோம்பல் மிக்கதென்பர். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. வெயிலில் நடந்தால் உடற்சூடு மிகும். ஆதலால் அசையாது கிடந்து, வெயில் தாழ்ந்தபின் மேய்கின்றது. உண்ட உணவின் சக்தி நடப்பதற்கும், வளர்வதற்கும், ஈனுவதற்கும் பங்கிடப்படவேண்டியது. ஒன்றிற் செலவானது மற்றொன்றிற்கு இல்லை. நெல்லைக் கெடுக்கும் கபில நிறத் தத்தியும் இதே கணக்கை நடத்துகின்றது. அதனை அறிந்தவரே வயலைக் காலத்தோடு காக்க முடியும்.

முதிர்ந்த தத்தியில் நெடுஞ்செட்டையுடையது பறக்கும், குறுஞ்செட்டையுடையது பறக்கமாட்டாது. இவை வேறு இனங்களல்ல. குஞ்சுப் பருவத்திற் சாறு நிறைந்த பயிரும் போதிய இடமுங் கிடைப்பின், நீண்ட செட்டையும் பறக்குந் தசையும் வளர்க்குஞ் செலவு வேண்டியதில்லை. அச்சக்தி முட்டைக்குச் செல்கின்றது. ஆகவே குறுஞ்செட்டைப் பெண் விரைவில் முட்டையிடத் தொடங்கும், மிகுதியாகவும் இடும். கூட்டம் நெருங்கிப் பயிர் நலியும்போதோ, குஞ்சுகள் பல நெடுஞ்செட்டை பெற்று வேறு வயல் நாடும். இன்சுலின் என்னுஞ் சுரப்பின் வழியே இத்தெரிவு நிகழ்வதைச் சீன ஆய்வாளர் 2015ஆம் ஆண்டிற் காட்டினர். பறக்கத் துணிந்த தத்தியின் வலிமையும் சிறிதன்று. சீனத்திலிருந்து காற்றோடு கடல் கடந்து யப்பானை ஆண்டுதோறும் அடைகின்றது.

ஆதலின், பறக்காத பூச்சிதானே என்று குறுஞ்செட்டைத் தத்தியை விட்டுவிடாதீர்கள். பெருக்கம் தொடங்கியதற்கு அதுவே அடையாளம். வரம்பில் நின்று பார்த்தால் இது தெரியாது. வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, பயிரை விலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டின் அடியை நோக்குக. பயிர் வட்டம் வட்டமாகக் கருகியபின் காண்பதில் யாது பயன்?

மிகை யூரியாவும் நெருக்கமான விதைப்பும் இப்பூச்சிக்கு நாமே வைக்கும் விருந்தாகும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளங்களின்கீழ் அடுத்தடுத்த வயல்களை ஏறத்தாழ ஒரே காலத்தில் விதைத்தல் நன்று. ஒருவர் பயிர் முதிரும்போது அயலார் பயிர் இளமையாயிருப்பின், பறப்பவை அங்கே குடியேறும்.

தத்தி கண்டால் முதலில் நீரைச் சில நாட்கள் வடித்துவிடுக. நாசினியை முன்கூட்டியே விசிறுதல் தீது. தத்தியைத் தின்னுஞ் சிலந்திகள் மடியும். முட்டைகளோ இலைமடலுக்குள்ளே நாசினி படாது தப்பும். விசிறியே ஆகவேண்டுமெனின், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, தூரின் அடியிற் படும்படி விசிறுக.