பாக்கு மட்டை முகம்

தம்மம்பட்டி,
ஆனி கடைசி வெள்ளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. போனில் பேசினால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்லிவிடுகிறாய். அதனால்தான் காகிதம். உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை சேலம் திரும்புகிறாள், அவள் பையில் வைத்து அனுப்புகிறேன்.

நீ அனுப்பின பன்னிரண்டு படங்களையும் பேத்தி தன் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். ஏற்காட்டு விடுதிக்காரர் கேட்ட டிக்கி முகங்கள் இவைதான் என்றாள். பதினொன்று மரம், ஒன்று பாக்கு மட்டை. பட்டறையில் இருந்த பையன்கள் எல்லாரும் கூடிப் பார்த்தார்கள். "அக்கா நல்லா பண்ணியிருக்கு" என்றார்கள். நானும் அதையே சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நாற்பத்தைந்து வருஷம் உளி பிடித்தவன் வாய் சும்மா இருக்காது.

முதலில் மரத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலாவது படத்தில் நெற்றியிலிருந்து மூக்கு வரை ஓடும் கோட்டைப் பழைய பொருள் மாதிரி இருக்கட்டும் என்று நீயே கீறியதாகப் பேத்தியிடம் சொன்னாயாம். கண்ணு, அது நீ கீறினது இல்லை, மரம் தானாக வாய் திறந்தது. ஈரம் காயாத தூங்குமூஞ்சி வாகை. இன்னும் இரண்டு மாதத்தில் அதற்குள் விரலே நுழையும். என் இருபத்தாறாவது வயதில் ஒரு கலியாண மண்டபத்துக்கு ஆறடி துவாரபாலகர் ஜோடி செய்தேன். அவசரம், பச்சை மரம். திறப்பு விழா அன்றைக்கு ஒருவர் மார்பு பிளந்து நின்றார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க உன் அத்தையின் வளையல் போனது. சிறிய துண்டானாலும் நிழலில் இரண்டு மூன்று மாதம் கிடக்கட்டும். வெட்டுவாய் இரண்டிலும் சாணியோ மெழுகோ பூசு. நடுத்தண்டு முகத்துக்குள் வராமல் மரத்தைப் பிளந்து எடு. தென்னந்துண்டில் செய்த இரண்டு முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தென்னைக்கு வெளியே வைரம், உள்ளே சோறு. உளி ஒவ்வொரு நாராய்த்தான் பிடுங்கும். அதில் இவ்வளவு எடுத்ததே பெரிசு.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. பேத்தியை விட்டு இந்த டிக்கி என்ன சங்கதி என்று தேடச் சொன்னேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தோம்.

நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கு டிக்கி என்பவன் முதல் மனிதன். பச்சைக்கல்லில் அவன் உருவை இழைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் பொருள் அது. மார்க்கேசஸ் தீவுகளில் டிக்கி என்றால் தெய்வமாகிவிட்ட முன்னோர், நம் ஊரில் குலசாமி ஆகிவிட்ட பாட்டன் மாதிரி என்று வைத்துக்கொள். பெரிய உருண்டைக் கண், காது வரை ஓடும் வாய், வயிற்றின்மேல் வைத்த கை. தலை உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கம். நம் கணக்கில் பூத கணம் நாலு தாளம், அதாவது தலை நாலில் ஒரு பங்கு. அவர்கள் அதையும் தாண்டிப் போயிருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. அந்த மக்களுக்குத் தலை புனிதமான இடம், கண்டவர் தொடக்கூடாது. தலை பெருத்தது வேடிக்கைக்காக இல்லை.

ஹவாய்க்காரர்களின் கூ என்ற போர்த் தெய்வத்தைப் பார்த்தபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஈரப்பலா மரத்தில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறான். முழங்கால் மடங்கி, கெண்டைக்கால் புடைத்து, வாய் எட்டு எண்ணைப் படுக்கவைத்த மாதிரி விரிந்திருக்கிறது. 1819இல் அந்த நாட்டு ராஜாவே பழைய விலக்குகளையெல்லாம் ஒழித்துவிட்டார், கோயில் உருவங்களை எரித்தார்கள். தப்பிய பெரிய கூ உருவங்கள் மூன்றுதான். ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், ஒன்று ஹோனலுலுவின் பிஷப் மியூசியத்தில். மூன்றாவது எங்கே என்று நினைக்கிறாய்? சேலத்தில். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு துறைமுக ஊர் இருக்கிறதாம், அங்குள்ள பீபாடி எசெக்ஸ் மியூசியத்தில். 2010இல் மூவரையும் ஹோனலுலுவில் ஒன்றாக நிறுத்தினார்கள். பிறகு இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள். ஊர்கோலம் போன சாமி அடுத்த ஊரிலேயே தங்கிவிட்டால் நமக்கு எப்படி இருக்கும், சொல்.

உனக்கு மாதிரியாக வந்த முகம் இவை எதுவும் இல்லை. அது சாராயக் கடையில் பிறந்தது. 1930களில் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியதும் ஹாலிவுட்டில் டான் பீச் என்பவர் மூங்கிலும் பனையோலையும் கட்டித் தீவு மாதிரி ஒரு கடை போட்டார். ஓக்லந்தில் டிரேடர் விக் என்று இன்னொருவர் போட்டார். பசிபிக் யுத்தத்துக்குப் போய் வந்த சிப்பாய்கள், 1959இல் ஹவாய் அமெரிக்காவின் மாநிலமானது, எல்லாம் சேர்ந்து அந்த மோகத்தை ஊதிவிட்டன. முகத்தைக் கோப்பையாக்கினார்கள், பிறகு கோப்பையைப் பார்த்து முகம் செதுக்கினார்கள். நீ செய்திருப்பது அந்தக் கோப்பையின் பேரப்பிள்ளை.

அது தப்பு என்று நான் சொல்லவில்லை. விளையாட்டுப் பொருளும் ஒரு கலைதான், அதிலும் கெட்டிக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் உன் பதினொரு முகமும் ஒரே கோபத்தில் இருக்கிறது. ஏன் கோபம் என்று அவற்றுக்கே தெரியவில்லை. புருவத்தை இறக்கிப் பல்லைக் காட்டினால் முகம் ஆகிவிடாது. ஒரு முகம் என்ன வேலைக்கு நின்றது என்று தெரிந்துகொண்டு உளி வை. காவல் நிற்கிற முகம் ஒரு மாதிரி, பயந்த பிள்ளைக்குத் துணை நிற்கிற பாட்டன் முகம் வேறு மாதிரி.

இதற்கு ஹவாய் வரை போகவேண்டியதில்லை. நாமக்கல்லில் லாரிப் பட்டறைப் பக்கம் ஒருநாள் நில். வண்டிக்குப் பின்னால் எழுதும் திருஷ்டி முகத்தைப் பார். பிதுங்கின கண், தொங்கும் நாக்கு, முறுக்கின மீசை. அது யாரையும் கடிக்கப் போவதில்லை, பார்க்கிறவன் கண்ணை வண்டியின்மேல் விழாமல் தன்மேல் இழுத்துக்கொள்வதுதான் அதற்கு வேலை. அதனால்தான் அதன் கண் நேராகப் பார்க்கும். திருவாசி உச்சியில் நாங்கள் செதுக்கும் கீர்த்திமுகத்தின் வேலை வேறு. பசியில் தன் உடம்பையே தின்று முகம் மட்டும் மிஞ்சினது அது. அதற்குக் கீழ்த்தாடை வைக்கமாட்டோம். விழுங்கிக்கொண்டே இருக்கும் வாய்க்கு அடி எதற்கு? இவற்றைப் பார்த்துக் காப்பி அடி என்று சொல்லவில்லை. டிக்கியில் கீர்த்திமுகத்தை ஒட்டவைத்து நம் கலாசாரம் என்று விற்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்.

ஏழாவது முகத்தின் வாயில் பாட்டில் திறக்கிற இரும்பை வைத்திருக்கிறாய். இதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை குறைவு, ஆனாலும் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வெளியூர் வியாபாரி பிள்ளையார் உருவில் சாவி மாட்டும் பலகை மூன்று டஜன் கேட்டார். தும்பிக்கைதான் கொக்கி. செய்து கொடுத்தேன், நல்ல காசு. என் அப்பா திட்டவில்லை. அன்றிலிருந்து ஒரு மாதம் பட்டறைக்குள் வரவில்லை, திண்ணையிலேயே உட்கார்ந்து உளி தீட்டிக் கொடுத்தார். கண் திறக்காத வரைக்கும் அது மரம்தானே என்று நான் வாதம் பண்ணினேன். சாஸ்திரப்படி சரிதான். ஆனால் அந்தக் கொக்கியில் இன்னும் யாரோ சாவி மாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பு வந்தால் இப்போதும் கூசுகிறது. கூவைக் கும்பிடுகிறவர்கள் இன்றைக்கும் ஹவாயில் இருக்கிறார்கள். அந்த இரும்பைக் கழற்றிவிடு. திறப்பான் வேண்டுமென்றால் ஒரு மீனோ ஆமையோ செய்து அதில் வை.

சீட்டில் "பழங்கால ஹவாய்த் தெய்வம்" என்று எழுதச் சொல்லி விடுதிக்காரர் கேட்டாராமே. எழுதாதே. "சேலத்தில் கையால் செய்தது" என்று எழுது, அது பொய் இல்லை. தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறோம். அப்படியும் எங்கேயோ மிஷினில் அறுத்த யானையைத் தம்மம்பட்டி என்று சொல்லி விற்கிறான் ஒருவன், நமக்கு வயிறு எரிகிறது. மாவோரிக்காரர்களும் இதே வயிற்றெரிச்சலில்தான் 2002இல் 'தோய் இஹோ' என்று ஒரு முத்திரை கொண்டுவந்தார்கள், தங்கள் கை செய்தது இது என்று காட்ட.

இந்த முகங்களோடு நீ செய்யப்போகும் களிமண் கோப்பைகளைப் பற்றி ஒரே வார்த்தை. குடிக்கிற கோப்பை என்று சொல்லி விற்றால் ஈயம் கலக்காத கிளேஸ் என்று கடைக்காரரிடம் எழுதி வாங்கு. இல்லையென்றால் பேனா போட்டு வைக்கிற குவளை என்று விற்றுவிடு.

இப்போது அந்தப் பாக்கு மட்டை. கரண்ட் போன சாயங்காலம் மாமியார் வீட்டு முற்றத்தில் கிடந்ததை எடுத்து, சும்மா விளையாட்டாகச் செய்தேன், கணக்கில் சேர்க்காதீர்கள் என்று எழுதியிருந்தாய். நான் அதை மட்டும்தான் கணக்கில் சேர்த்தேன். மட்டை காயும்போது தானாக வளைந்த வளைவைக் கன்னமாக விட்டிருக்கிறாய். கண்ணை வெட்டாமல் வெறும் ஓட்டை போட்டு, பின்னால் இருட்டை வைத்திருக்கிறாய். கற்றாழை நாரில் நாலே இழை முடி. அதற்குக் கோபம் இல்லை. யாருக்காகவோ வாசலில் காத்துக்கொண்டிருக்கிறது. படம் பார்க்காமல் செய்தாய், அதனால் வந்தது. மரத்தில் ஏன் அது வரவில்லை தெரியுமா? உப்புத்தாள். உளி விழுந்த இடத்தையெல்லாம் தேய்த்துத் தேய்த்து பிளாஸ்டிக் மாதிரி ஆக்கிவிட்டாய். நகவுளி போன தடம் கன்னத்தில் இருக்கட்டும், வெளிச்சம் அதில்தான் நிற்கும். வார்னிஷையும் குறை.

விலையில் மட்டும் உனக்கு உலகம் தெரியவில்லை. ஒரு முகத்துக்கு நாலு நாள் கூலி, மரம், உளி தீட்டுகிற நேரம், உடைந்து போகிற ஒன்று, எல்லாம் போட்டுக் கணக்குப் பார். நீ சொன்ன தொகை ஆத்தூரில் கொத்தனார் கூலிக்குக்கூட வராது. பாதி முன்பணம் வாங்காமல் இனி உளியைத் தொடாதே.

பதினொன்றில் பிளந்த நாலாவதையும் திறப்பான் வைத்த ஏழாவதையும் நிறுத்திவிட்டு மீதியைக் கொடு. விடுதிக்காரரிடம் இரண்டு மாதம் தவணை கேள். பட்டறையின் பின்பக்கம் போன தையிலிருந்து காய்கிற மாவிலிங்கத் துண்டுகள் ஐந்து கிடக்கின்றன. இரண்டு உனக்கு என்று சுண்ணாம்பில் குறிபோட்டு வைத்திருக்கிறேன். ஆடிப்பெருக்குக்கு முன்னால் வா. ஆத்தூர் வழியாகவும் பஸ் இருக்கிறது, ராசிபுரம் வழியாகவும் இருக்கிறது. மட்டை முகத்தை யாருக்கும் விற்றுவிடாமல் கையோடு எடுத்துக்கொண்டு வா, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள், மேலே போட்டால் நசுங்கிவிடும்.

இப்படிக்கு,
உன் மாமா