எஸ்கேப் குறிகளும் சிறு ஃபங்ஷன்களும்

ஒரகடம் சிப்காட்டிலுள்ள உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், லேபிள் அச்சிடும் இயந்திரங்களுக்குக் கட்டளையிடுவதற்கென்று ஒரு சிறு மொழியையும் அதற்குரிய இன்டர்பிரட்டரையும் எழுதிப் பராமரித்து வருகிற எனக்கு, மேற்கோள் குறிகளுக்குள் வரும் பேக்ஸ்லாஷைப் படித்துப் பொருள்கொள்ளும் பகுதியே மற்றெல்லாப் பகுதிகளையும்விட அதிக சிரத்தையை வேண்டுவது என்ற அபிப்பிராயம் நாளுக்கு நாள் உறுதிப்பட்டு வருகிறது.

வாகனப் பாகங்களின்மீது ஒட்டப்படும் டேட்டா மேட்ரிக்ஸ் குறியீடுகள் பலவும் ஐஎஸ்ஓ 15434 என்னும் நியமத்தை அனுசரிப்பவை. அதன்படி, தொடக்கக் குறியை அடுத்து, கண்ணுக்குப் புலப்படாத 30ஆம் எண் எழுத்தும், பின்னர் 06 என்ற வடிவ எண்ணும், அதன்பின் புலங்களைப் பிரிக்கும் 29ஆம் எண் எழுத்தும் வந்தாக வேண்டும். பதினாறடிமானத்தில் 30 என்பது 1இ. ஆகவே பேக்ஸ்லாஷ், எக்ஸ், 1இ, 06 என்று இடைவெளியின்றியே எழுத நேர்கிறது. சி மொழியின் விதியோ, எக்ஸுக்குப் பின் பதினாறடிமான இலக்கங்கள் எத்தனை வந்தாலும் அத்தனையையும் ஒரே எண்ணாகத் திரட்டிக்கொள்வது. அதை அப்படியே ஏற்றால் 1இ06 என்ற அர்த்தமற்ற எண்ணே மிஞ்சும். பைத்தானைப் போல் இரண்டே இலக்கங்கள் என்று வரையறுத்துவிடுவதுதான் உசிதம்.

ஆதலால் ஓர் இலக்கத்தை எண்ணாக்க ஒரு ஃபங்ஷன், சொன்ன எண்ணிக்கையில் மட்டும் இலக்கங்களைப் படித்து மதிப்பையும் அடுத்துப் படிக்கவேண்டிய இடத்தையும் சேர்த்துத் திருப்பித்தர ஒரு ஃபங்ஷன், யூனிகோடு எண்ணை யூடிஎஃப்-8 பைட்டுகளாக்க ஒரு ஃபங்ஷன் என மூன்றையும் தனித்தனியே வைத்திருக்கிறேன். இரண்டாவதற்கு எக்ஸ் வந்தால் 2, சிறிய யூ வந்தால் 4, பெரிய யூ வந்தால் 8 என்று சொல்லியனுப்பினால் போதும். தமிழருக்கு அந்த எட்டும் அவசியமே: 'க' என்னும் எழுத்து நான்கு இலக்கங்களில் அடங்கிவிடும், 2019இல் யூனிகோடு 12ஆம் பதிப்பில் இடம்பெற்ற முந்திரி முதலிய பழைய பின்னக் குறிகளோ அடங்கா.

பேக்ஸ்லாஷுக்குப் பின் அறியாத எழுத்து, அதாவது அறியாத எஸ்கேப், எதிர்ப்பட்டால் அதைப் பேசாமல் விட்டுவிடாது, வரி எண்ணோடும் இடத்தோடும் பிழையாக அறிவிக்க வேண்டும். இன்று அனுமதித்துவிட்டால், நாளை அவ்வெழுத்துக்குப் புதுப்பொருள் தர விரும்பும்போது பழைய நிரல்கள் தடையாய் நிற்கும். நெடுங்காலம் பொறுத்துக்கொண்டிருந்த பைத்தானும் 3.12ஆம் பதிப்பு முதல் வெளிப்படையாகவே எச்சரிக்கிறது.

எழுத்துகளை மறுபடி எஸ்கேப் வடிவுக்குக் கொண்டுவரும் எதிர் ஃபங்ஷனையும் உடனெழுதி, 0 முதல் 127 வரை ஒவ்வோர் எழுத்தும் போய்த் திரும்புகிறதா என்று பரீட்சித்துப் பாருங்கள்; அதன்பிறகே இன்டர்பிரட்டரைப் பிறர் கையில் கொடுங்கள்.