சிவப்பு உடுத்தவரெல்லாம் கர்தினால் அல்ல

காந்தல் குருசடியில் மே மாதத் திருவிழா நெருங்கினால் ஊட்டியில் பேனர்கள் முளைத்துவிடும். இயேசுவின் சிலுவையில் இருந்து வந்ததாகப் போற்றப்படும் சிறு துண்டை வணங்க மலையேறி வருகிறவர்கள் ஏராளம். வரவேற்புப் பேனரிலோ பெயரைவிடப் பட்டம்தான் நீளம்: மேதகு, ஆயர், பேராயர், ஆண்டகை. இவற்றை வைத்து டீக்கடையில் நடக்கும் பதவிக் கணக்கு பெரும்பாலும் தப்புக் கணக்கு.

நம்பிக்கை: பேராயர் என்றால் ஆயருக்கு மேலதிகாரி.

யார் அடித்த பேனர் என்று முதலில் பாருங்கள். கத்தோலிக்கருக்கு பிஷப் ‘ஆயர்’, ஆர்ச்பிஷப் ‘பேராயர்’. சி.எஸ்.ஐ. திருச்சபையில் ஆர்ச்பிஷப் என்ற பதவியே கிடையாது. அங்கே பிஷப்பைத்தான் ‘பேராயர்’ என்கிறார்கள். ஆக, சி.எஸ்.ஐ.யின் ஸ்டீபன்ஸ் சர்ச் வாசலில் இருக்கும் ‘பேராயரும்’ குருசடி வாசலில் இருக்கும் ‘ஆயரும்’ ஒரே படிதான்.

கத்தோலிக்கருக்குள்ளும் கதை பாதிதான் சரி. ஊட்டி மறைமாவட்டம் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் மறைமாநிலத்தில் (மறைமாவட்டங்களின் தொகுதியில்) அடங்கும். அதற்காகக் காந்தல் பங்குத்தந்தையை மாற்றும் உத்தரவு சென்னையில் இருந்து வராது. அது ஊட்டி ஆயரின் வேலை. அவர் பதில் சொல்வது நேராகப் போப்பாண்டவருக்கு.

இன்னொரு வேடிக்கை. நம் தாத்தா பாட்டி காலத்தில் ஆயருக்கு ‘மேற்றிராணியார்’ என்று பெயர். அது சிரியாக் மொழி வழியாக வந்த ‘மெட்ரோபொலிட்டன்’ என்ற சொல்லின் தேய்ந்த வடிவம். மெட்ரோபொலிட்டன் என்றால் ஒரு மறைமாநிலத்தின் தலைமைப் பேராயர்! சாதாரண ஆயருக்கு நாம் பெரிய பட்டத்தைச் சூட்டிவிட்டு, உண்மையான பேராயர் வந்தபோது சொல் போதாமல் ‘அதிமேற்றிராணியார்’ என்று இன்னும் ஒரு மாடி கட்டினோம்.

நம்பிக்கை: சிவப்பு அங்கி போட்டவர் கர்தினால், கர்தினால் ஆயருக்கும் மேலான குருத்துவம் பெற்றவர்.

இரண்டாவது பாதியை முதலில் முடித்துவிடுவோம். திருப்பட்டங்கள் மூன்றுதான்: திருத்தொண்டர், குரு, ஆயர். நான்காவது இல்லை. கர்தினால் என்பது போப்பாண்டவர் தரும் பொறுப்பு. 2024 டிசம்பரில் கர்தினாலான ஆங்கிலேயத் துறவி டிமத்தி ராட்கிளிஃப், ஆயர் பட்டம் வேண்டாம் என்று விலக்குப் பெற்று வெறும் குருவாகவே இருக்கிறார்.

சிவப்பைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகருக்குப் போக வேண்டும். அந்த ஊர்ப் பேராயர் கர்தினாலாக இல்லாவிட்டாலும் சிவப்பு உடுத்தலாம், ரோம் நகருக்குள்ளேயே கூட. போப்பின் ‘பிறவித் தூதர்’ என்ற பழைய பட்டம் அந்தப் பதவியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. உடையின் நிறமும் அதோடு வந்ததுதான். அவருக்கு இன்னொரு பட்டம், ‘ஜெர்மனியின் பிரைமேட்’, அதாவது முதன்மை ஆயர். இருப்பது ஆஸ்திரியாவில்! ஜெர்மன் ஆயர்களில் ஒருவர் கூட அவர் சொல் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் தங்கள் பேரவைத் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. சால்ஸ்பர்க் பேராயர் ஒரு காலத்தில் நாடாண்ட இளவரசர். வரி வசூலித்தார். கீம்சே, செக்கவ், லாவன்ட் போன்ற சிறு மறைமாவட்டங்களுக்கு ஆயர்களைத் தானே நியமித்தார். இசைமேதை மொட்சார்ட் அவரிடம் சம்பளத்துக்கு இருந்தவர்தான். 1781இல் வேலையை விட்டபோது பேராயரின் அதிகாரி ஒருவரிடம் பின்புறத்தில் உதை வாங்கிக்கொண்டு வெளியேறினார். மாயின்ஸ், டிரியர், கொலோன் பேராயர்களோ 1356ஆம் ஆண்டுச் சாசனப்படி ஜெர்மன் மன்னரையே தேர்ந்தெடுக்கும் எழுவரில் மூவர். 1803இல் இந்த ராஜ்ஜியங்கள் பறிபோயின. ‘இளவரசர்-ஆயர்’ என்ற பட்டம் மட்டும் சில ஊர்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. 1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதையும் கழற்றினார். ஜமீன் போன பிறகும் ஜமீன்தார் என்று கூப்பிடுவது நமக்குப் புதிதா என்ன!

நம்பிக்கை: இந்தியக் கத்தோலிக்கர் எல்லோருக்கும் தலைவர் கோவாவில் இருக்கிறார்.

பட்டத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கோவா பேராயர் ‘கிழக்கிந்தியத் தீவுகளின் முதுபெரும் தந்தை’ (பேட்ரியார்க்), ‘கீழ்த்திசையின் பிரைமேட்’. 1557இல் கோவா பேராயர் பீடமான பிறகு, அதன் எல்லை ஆப்பிரிக்கக் கரையில் இருந்து தூரக்கிழக்கு வரை நீண்டது உண்மை. பிறகு இங்குள்ள திருச்சபை மீது போர்ச்சுகல் மன்னருக்கு இருந்த ஞான ஆதரவு உரிமை சுருங்கச் சுருங்க எல்லையும் சுருங்கியது. 1886இல் அந்த உரிமையை வெட்டிக் குறைத்த அதே ஒப்பந்தத்தின் வேளையில்தான் போப்பாண்டவர் பதின்மூன்றாம் சிங்கராயர் முதுபெரும் தந்தை பட்டத்தைக் கொடுத்தார். நிலத்தை எடுத்துக்கொண்டு பொன்னாடை போர்த்தியது போல என்பேன். இன்றைக்குக் கோவா பேராயருடைய மறைமாநிலத்தில் அவருடைய சொந்த மறைமாவட்டத்தைத் தவிர சிந்துதுர்க் ஒன்றுதான்.

அந்தப் பட்டம் இல்லாமலே அதிகாரம் உள்ள பதவியையும் காட்டுகிறேன். அதில் முதலில் அமர்ந்தவர் நம்ம ஊட்டிக்காரர். மைசூரில் இருந்து பிரித்து 1955இல் ஊட்டி மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயராக வந்தவர் ஆன்டனி படியறா. கேரளத்தின் மணிமலையில் பிறந்தவர். அப்போது வயது 34. பதினைந்து வருடம் இந்த மலையில் லத்தீன் முறை ஆயராக இருந்துவிட்டு, 1970இல் சீரோ-மலபார் முறையின் சங்கனாச்சேரிக்குப் பேராயராகப் போனார். அங்கிருந்து 1985இல் எர்ணாகுளம்.

1992 டிசம்பரில், கத்தோலிக்கத்துக்குள்ளேயே தனி வழிபாட்டு முறை கொண்ட சீரோ-மலபார் திருச்சபை ‘மேஜர் ஆர்ச்பிஷப்’ நிலைக்கு உயர்ந்தபோது முதல் தலைவர் அவர். அந்தப் பதவிக்கு முதுபெரும் தந்தை என்ற பெயர் கிடையாது. ஆனால் முதுபெரும் தந்தைக்குரிய அதிகாரத்தில் பெரும்பகுதி உண்டு. ஆயர்களின் சினட், தனிச் சட்டம், தனி வழிபாடு எல்லாம் உண்டு. கோவாவில் பெயர், எர்ணாகுளத்தில் வேலை.

படியறாவுக்குச் சிவப்பு அதற்கு முன்பே, 1988இல், கர்தினாலானபோது வந்துவிட்டது. கர்தினாலுக்கு இருக்கும் பெரிய உரிமை, எண்பது வயது வரை போப்பாண்டவர் தேர்தலில் வாக்களிப்பது. 1978க்கும் 2005க்கும் இடையே அந்தத் தேர்தல் நடக்கவே இல்லை. படியறா 2000இல் இறந்தார்.